ஏரிக்கரை மேடை, மூன்றாம் நாள்

மார்ச் 3

தம்பிக்கு,

பதினோரு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவீர்கள் என்று முகவரியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். இது குடும்ப விஷயம் அல்ல. அலுவல்.

ஜாஸ் விழாவுக்கு இது ஐம்பதாவது வருடம். அதையொட்டி என் நோட்டுகளை ஒரே புத்தகமாகப் போட விழாச் செயலாளர் கேட்டிருக்கிறார். உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் அண்ணன் சாக்ஸபோன் வாசித்த ஒவ்வொரு கிளப்பிலும் ஒவ்வொரு விழாவிலும் உட்கார்ந்து, அவரைப் பற்றியும் அவருக்கு முன்னும் பின்னும் மேடையேறியவர்களைப் பற்றியும் அன்றன்றே எழுதி வைத்தவை. நாற்பத்தொரு நோட்டுகள். யார் படிப்பதற்காகவும் எழுதவில்லை. எழுதிய பிறகு ஒரு வரியையும் திருத்தியதில்லை.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய பக்கங்களை அவரவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது செயலாளரின் நிபந்தனை. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நீங்களெல்லாம் குக்கர் என்று கூப்பிடுவீர்களே, அந்த டிரம்ஸ்காரர், படிக்காமலே போட்டுப் பின்பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம் வேறு வரைந்து அனுப்பியிருக்கிறார். பாக்கி நீங்கள் மட்டும்தான். இருபத்தாறு வருடம் அண்ணன் பக்கத்தில் நின்று அந்த ஆளுயர பேஸ் வாத்தியத்தை வாசித்தவர் என்பதால் உங்களுக்குத்தான் பக்கங்கள் அதிகம். நாற்பத்திரண்டு. இத்துடன் இருக்கின்றன.

எழுத்துப்பிழை இருந்தால் சுட்டலாம். கருத்தை மாற்றச் சொல்ல வேண்டாம்.

உங்கள் அண்ணன் போய் நான்கு வருடம் ஆகிறது. நீங்கள் வரவில்லை. அது இந்தக் கடிதத்தின் விஷயம் அல்ல.

அண்ணி

*

மார்ச் 12

அண்ணிக்கு வணக்கம்.

தட்டச்சு செய்தும் பிரயோசனம் இல்லை. உறையின் நாலு மூலையிலும் டேப் ஒட்டி, அந்த டேப் பிரியாமலிருக்க அதன் மேல் இன்னொரு டேப் ஒட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்தர்தான். நல்லவேளை, இப்போது என் பிழைப்பே கத்தரிக்கோலில்தான். சோபா தைக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து குழி விழுந்த சோபாக்களுக்கு ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு அடைத்து, புதுத் துணி போர்த்திக் கொடுக்கிறேன். தடித்த ஊசியை இழுக்க நாலு விரல் போதும். ஐந்தாவது விரலைப் பற்றி யாரும் இங்கே கேட்பதில்லை.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் கடையிலேயே படித்தேன். சில இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அளவு கொடுக்க வந்திருந்த அம்மா, கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று யோசித்தது மாதிரி இருந்தது. அந்த டிரம்பெட்காரனை 'இவர் மேடைக்கு வருவதில்லை, எழுந்தருளுகிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, அச்சு அசல் அவனேதான். நிலவறை கிளப்பில் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த உறுமலின் சுருதியிலேயே பாட்டைத் தொடங்கி, ஐஸ் பெட்டியையும் ஐந்தாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார். அது எனக்கே மறந்துபோயிருந்தது. கேட்க வந்தது ஒன்பது பேர், அதில் நாலு பேர் சமையலறை ஆட்கள் என்று அதையும் எண்ணி வைத்திருக்கிறீர்கள். அந்த நாலு பேரில் ஒருத்தர் கையில் கழுவாத தட்டோடு கடைசிவரை நின்றார் என்பதையும்.

அப்புறம் முப்பத்தெட்டாம் பக்கம் வந்தது. ஏரிக்கரை மேடை, மூன்றாம் நாள், மதியம் மூன்று மணி. நீங்கள் எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

'பேஸ்காரர் நான்காவது சுற்றில் பின்தங்கினார். ஆறாவது சுற்றில் நின்றே விட்டார். மற்ற மூவரும் தரையில்லாத வீட்டில் நடமாடுவதுபோல் வாசித்து முடித்தார்கள். கை ஓய்ந்துவிட்டது. ஓய்ந்த கையோடு மேடையேறுவது கேட்பவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.'

பின்தங்கியது உண்மை. நின்றது உண்மை. ஆனால் அந்தப் பாட்டு 'படிக்கட்டு'. அண்ணனே கட்டியது. ஒருத்தர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குகிற நிதானத்தில்தான் அதை இருபத்தாறு வருடமும் வாசித்தோம். அன்றைக்கு மட்டும், பாட்டைத் தொடங்க ஒன்று, இரண்டு, மூன்று என்று அண்ணன் எண்ணிய வேகம், தீப்பிடித்த வீட்டிலிருந்து ஆள் ஓடுகிற வேகம். அன்று காலையில்தான் அவரிடம் சொல்லியிருந்தேன், மோதிர விரல் மடங்க மாட்டேன் என்கிறது, இன்றைக்கு மெதுவானதாகப் போடுங்கள் என்று. அவரிடம் மட்டும்தான் சொன்னேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மேடையிலிருந்து ஒருத்தனை விரட்ட வேண்டுமென்றால் வாயைத் திறந்து போ என்று சொல்ல மாட்டார்கள். அவனால் பிடிக்க முடியாத வேகத்தில் பாட்டை எடுப்பார்கள். அவனே இறங்கிப் போய்விடுவான். முன்பின் தெரியாத ஆளுக்குச் செய்வதை அண்ணன் எனக்குச் செய்தார், சபை நிறைந்திருந்தபோது. ஏன் செய்தார்? பதினோரு வருடமாக எனக்கு இந்த ஒரு கேள்விதான்.

அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், அந்த வேகம் ஏன் என்று அதே பக்கத்தில் எழுதுங்கள். அதுவரை கையெழுத்து கிடையாது.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

எடுக்க மாட்டேன்.

நான் உங்களுக்கு மட்டும் கடுமை காட்டியதாக நினைக்க வேண்டாம். உங்கள் அண்ணனைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது: 'மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறவரைப் போல இன்று வாசித்தார்.' அன்று எங்கள் கல்யாண நாள்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடுவாரே, அந்தப் பெரிய பாடகி. ஒரு விழாவில் பாட்டின் நடுவே மைக் செத்துப்போனது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். அவர் குரலைத் தணித்தார். இரண்டாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்ததை நான் திரும்பிப் பார்த்தேன். காற்றடித்த பயிர்போல் சாய்ந்தார்கள். அதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். அடுத்த வருடம், மைக் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே, அதே இடத்தில் அதையே செய்தார். அதற்கு ஒரு வரிதான்: 'வித்தையாகிவிட்டது.' இரண்டையும் படித்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

ஓய்ந்த கையை ஏளனம் செய்கிறவள் என்றும் என்னைச் சொல்ல முடியாது. ஹோட்டல் கிளப்பில் எண்பது வயதுப் பியானோக்காரர் ஒருவர் வாசித்தது உங்களுக்கும் தெரியும். இடது கை நடுங்கும். அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையால், ஒரு சுற்றுக்கு ஐந்தாறு சுரம்தான் தொட்டார். தொடாமல் விட்ட சுரங்களெல்லாம் கேட்டன. அவர் தன் கையை அறிந்தவர். நான் குறை சொன்னது அறியாதவரை.

ஏன் அந்த வேகம் என்று என்னைக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவர் அதற்குப் பிறகு ஏழு வருடம் உயிரோடு இருந்தார். கடைசி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில், லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் பக்கம் தலையைத் திருப்புவார். நர்ஸ் வருவாள், மருந்து வண்டி வரும். நீங்கள் வரவில்லை. வராதவருக்கு இப்போது பதில் வேண்டியிருக்கிறது.

அச்சகத்துக்கு ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்தை அனுப்புங்கள்.

அண்ணி

*

ஏப்ரல் 4

அண்ணிக்கு,

வரவில்லைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் எடுத்தது நீங்கள். 'தூங்குகிறார்' என்றீர்கள், மூன்று தடவையும். என்னைப் பார்க்க விரும்பவில்லை, அதை உங்கள் வாயால் மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். லிஃப்ட் கதவுப் பக்கம் தலையைத் திருப்பிய கதையை நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை குக்கர் கடைக்கு வந்தான். டிரம்ஸ் வாசிக்கிற ஸ்டூலுக்குப் பஞ்சு மாற்ற வேண்டுமாம். இப்போது நூறு கிலோ இருக்கிறான், ஸ்டூல் பாவம். பேச்சுவாக்கில் உங்கள் புத்தகம் பற்றிச் சொல்லி, அந்தப் பக்கத்தைக் காட்டினேன். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மாஸ்டர் எண்ணறதுக்கு முன்னாடி எங்க பார்ப்பாருன்னு நீ பார்த்ததே இல்லையா?"

அண்ணன் சபையைத்தான் பார்ப்பார், வேறெங்கே என்றேன்.

"நீதான் பேஸைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடிக்குவியே, உனக்கெங்க தெரியும். எனக்குப் பின்னாலேர்ந்து எல்லாம் தெரியும். முன் மேஜையில உங்க அண்ணி கை இருக்கும். அது தட்டற வேகத்தைத்தான் மாஸ்டர் எண்ணுவாரு. எத்தனை வருஷமா!"

அன்றைக்குமா என்று கேட்டேன். அன்றைக்கு ஏரிக்கரையில் மேஜை கிடையாது, வெறும் மடக்கு நாற்காலி. நீங்கள் மடியிலிருந்த நோட்டின் மேல் தட்டினீர்களாம். அண்ணன் ரொம்ப நேரம் உங்களையே பார்த்தாராம். குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவனுக்குத் தோள் வலித்துவிட்டதாம். ஏண்டா இத்தனை வருஷம் சொல்லவில்லை என்றேன். புருஷன் பொண்டாட்டி சமாசாரம், நான் எதுக்கு நடுவில என்றான்.

அவன் போன பிறகு ஒரு தையலும் நேராக வரவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

அண்ணி, ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் கை என்ன வேகத்தில் தட்டியது? அது அண்ணன் கேட்டுக்கொண்ட வேகமா, உங்கள் வேகமா?

தம்பி

*

ஏப்ரல் 11

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் எழுத எனக்குச் சில நாட்கள் தேவை. அச்சகத்தைக் காத்திருக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணி

*

ஏப்ரல் 24

தம்பிக்கு,

என் வேகம்.

கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். மற்றதையும் எழுதுகிறேன், பாதி சொல்லி நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

கான்வென்டில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர், டிக் டிக் என்று தாளம் காட்டுகிற மெட்ரோநோமை நிறுத்தி அலமாரியில் பூட்டிவிட்டு வாசிக்கச் சொல்வார். அரைமணி கழித்து வெளியே எடுத்து ஓடவிட்டால் என் கையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்து வயதிலேயே இருந்தது. உங்கள் அண்ணனுக்கு அது வராது. மேடையேறியதும் மனிதருக்குப் பதற்றம். எல்லாவற்றையும் வேகமாக எண்ணிவிடுவார். கல்யாணமான முதல் வருடம் நிலவறை கிளப்பில் அவரே கேட்டார், நீ தட்டு, நான் எண்ணிக்கொள்கிறேன் என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தட்டினேன். யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை. என் பெயர் எந்த விளம்பரத் தாளிலும் வந்ததில்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் நடந்தது என் விரலின் மேல்.

அன்று காலை தங்கியிருந்த அறையில் சவரம் செய்துகொண்டே உங்கள் அண்ணன் சொன்னார்: "தம்பிக்கு விரல் சரியில்ல. இன்னிக்கு எல்லாம் மெதுவாவே போவோம்." நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு விழா ஒன்றுக்கு ஆள் எடுப்பவர் அன்று மூன்றாம் வரிசையில் உட்காரப் போகிறார் என்று இருவருக்கும் தெரியும். அதற்காக உங்கள் அண்ணன் பதினெட்டு வருடம் காத்திருந்தார். அந்த ஒரு மதியத்தையும் உங்கள் விரலுக்காகக் கொடுத்துவிட்டு, முகத்தில் சோப்பு நுரையோடு விசிலடித்துக்கொண்டிருந்தார்.

அந்த விசிலை நான் பொறுத்துக்கொள்ளவில்லை. இதை வேறு எப்படி எழுதுவது என்று பதின்மூன்று நாளாக யோசித்தேன். நீங்கள் இல்லாவிட்டால் அவர் இன்னும் மேலே போயிருப்பார் என்று நான் நம்பினேன். மேடையில் அவர் உங்கள் பக்கம் திரும்பிச் சிரிக்கும் சிரிப்பு, வீட்டில் நான் பார்த்தது அல்ல. அதையும் எழுதிவிடுகிறேன்.

தட்டினேன். அவர் பார்த்தார். தப்பாகத் தட்டுகிறேன் என்று நினைத்து, திருத்திக்கொள்ள நேரம் கொடுத்தார். நான் நிறுத்தவில்லை. அவர் எண்ணினார்.

ஆள் எடுக்க வந்தவர் அப்போது நாற்காலியிலேயே இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "நீ தட்டின, நான் எண்ணினேன்." அதற்குப் பிறகு மேடையிலிருந்து அவர் என் பக்கம் பார்க்கவில்லை. தானே எண்ணினார். எல்லாப் பாட்டும் ஓடியது. 'இன்றும் வேகம் கூடிவிட்டது' என்று ஏழு வருடம் நோட்டில் எழுதியிருக்கிறேன். ஏன் கூடியது என்று ஒரு தடவையும் எழுதவில்லை.

போன் விஷயம். முதல் தடவை தூங்கினார். மற்ற இரண்டு தடவையும் விழித்திருந்தார். நீங்கள் இருவரும் பேசினால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால், கொடுப்பதா வேண்டாமா என்ற பாரம் உங்கள் தலையில் ஏறும். அந்தப் பக்கத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். யார் தட்டியது, யார் எண்ணியது, யாருடைய விரல், எல்லாம் இருக்கிறது. நான் திருத்தி எழுதிய ஒரே பக்கம் இது. இதை அச்சிடலாம். கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணி

*

மே 6

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. பழைய பக்கத்துக்கு.

புதிய பக்கத்தை நாலு தடவை படித்தேன். ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் பரிதாபத்துக்குரியவன். அண்ணன் வாய் திறக்காத நல்லவர். நீங்கள் இந்த வயதில் துணிந்து உண்மையைச் சொன்னவர். புத்தகத்தை மூடி வைக்கும்போது எல்லோரும் உங்களைத்தான் மெச்சுவார்கள். வேண்டாம்.

அண்ணன் ஏழு வருடம் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. கூடப்பிறந்தவன் போனாலும் போகட்டும் என்று பழியைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார். அவர் உங்களுக்குச் செய்தது அது. அதை இப்போது அச்சில் போட்டு நீங்கள் கழற்றிப் போட நான் விட மாட்டேன். யாராவது கேட்டால் அவர்தான் எண்ணினார் என்று சொல்லுங்கள். சொல்லிக்கொண்டே இருங்கள்.

அண்ணன் என்னை விரட்டவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க அவர் இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கும் என் கடைக்கும் நடுவில் எட்டு பஸ் நிறுத்தம். போனை வைத்துவிட்டு நான் ஏறி வந்திருக்கலாம். அந்தப் பங்கு என்னுடையது, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

இனிமேல் எழுத வேண்டாம்.

தம்பி

*

ஜூன் 18

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்று மாலை விழாப் பந்தலில் புத்தகம் வெளியானது. பழைய பக்கம்தான் இருக்கிறது, நீங்கள் சொன்னபடி, ஒரு புள்ளி மாறாமல். எதையாவது வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நான் பாடகியின் பக்கத்தை எடுத்து வைத்திருந்தேன். செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அம்மா எவ்வளவு கறாரானவர் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும், சொந்தக் கொழுந்தனையே விடவில்லை, அதைப் படிக்கட்டும் என்றார். பக்கத்தையும் அவரே பிரித்துக் கொடுத்தார். படித்தேன். சபை சிரித்தது. கை தட்டினார்கள். அவர்கள் ஓயும்வரை நின்று, மீதியையும் படித்தேன்.

பிறகு கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். அதில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பேஸ் வாசிக்கிறவளாம். இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. புத்தகத்தைப் பிரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இதுல ஒண்ணு இல்லையேம்மா. அந்த வேகத்தை வச்சது யாரு?"

பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். செயலாளர் பக்கத்திலேயே இருந்தார்.

"அவருடைய அண்ணன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "இப்படியும் ஒரு அண்ணனா" என்றாள்.

பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, எழுதிக் கொடுத்தேன்.

அண்ணி